கூரையில்லாத காரும் ரோசம்மாவின் நிபந்தனையும்

1987 ஏப்ரல், ஒரு ஞாயிறு, காலை ஆறரை மணி. ஒன்பது பேர் பின்னாலிருந்து தள்ள, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் பட்டறைக்கு வந்து சேர்ந்தார் ஞானப்பிரகாசம். கார் மெக்கானிக் தொழிலில், வண்டி எப்படி வந்து சேர்கிறது என்பதை வைத்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம். ஒன்பது பேர் தள்ளிக்கொண்டு வந்தால் நோய் வண்டிக்கு மட்டும் இல்லை.

பட்டறை ஆவடி செக்போஸ்ட் பக்கம். ஞானப்பிரகாசம் அங்கே டாங்கி செய்யும் தொழிற்சாலையில் பிட்டர். கார் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, கூரை கிடையாது. தாய்நாட்டுக்குக் கிளம்பிய ஒரு தேயிலைக் கம்பெனி அதிகாரியிடம் வாங்கி, பதினோரு வருடமாகக் குவார்ட்டர்ஸ் வாசலில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். செப்டம்பரில் அவருக்கு ஓய்வு. வேப்பம்பட்டில் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. கார் அங்கே வருவதற்கு அவர் மனைவி ரோசம்மா ஒரு நிபந்தனை வைத்திருந்தார். அதை என்னிடமும் நேரில் வந்து சொன்னார்.

"புது வீட்டு வாசலுக்கு அது தானா ஓடி வந்தா வரட்டும் தம்பி. யாராச்சும் ஒரு கை வச்சுத் தள்ளினாலும் அங்கேர்ந்தே பழைய இரும்புக் கடைக்குப் போயிடணும்."

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு என் அனுதாபங்கள். அந்த ஐந்து மாதத்தில் நான் கற்ற பராமரிப்புக் குறிப்புகளைக் கீழே தருகிறேன்.

முறுக்குபவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று கேளுங்கள்

ஞானப்பிரகாசத்துக்கு உதவ அவருடைய செக்‌ஷன் நண்பர் வேலாயுதம் வருவார். இருபத்தைந்து வருடமாக டாங்கிக்கு போல்ட் முறுக்கிய கை. கார்புரேட்டரைப் பிடித்து நிற்கும் நட்டு சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். "கால் சுற்று போதும்" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைக் கொடுத்தேன். அவர் ஒன்றரைச் சுற்று வைத்தார். நட்டு, அதைத் தாங்கிய கம்பியோடு கையில் வந்துவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட மிச்சக் கம்பியைத் துளை போட்டு எடுக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

வேலாயுதத்துக்கு வருத்தமே இல்லை. ஒடிந்த துண்டை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இது நட்டே இல்ல அண்ணாத்தே, ஜிமிக்கி."

ரப்பர் புஷ் தேய்ந்தால் அக்கம்பக்கத்தாரைக் கலந்து கொள்ளுங்கள்

முன்சக்கரங்களைத் தாங்கும் ரப்பர் புஷ் நான்கும் பொடிப்பொடியாக உதிர்ந்தன. சென்னையில் எங்கும் கிடைக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வார்க்கும் ஒரு சின்ன யூனிட்காரர், மாதிரி கொடுத்தால் செய்து தருவதாக ஒப்புக்கொண்டார். அச்சு போட்டால் ஐநூறு எடுத்தே ஆகவேண்டும் என்றார். "நாலுக்கெல்லாம் மெஷினை சூடு பண்ண முடியாது சார்."

ஐநூறும் சாக்கு மூட்டையில் வந்தன. நான்கைக் காரில் மாட்டினோம். மிச்சத்தை என்ன செய்வதென்று யோசித்த ஞானப்பிரகாசம் ஒன்றை நாற்காலிக் காலில் செருகிப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. ஒரே வாரத்தில் அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசை முழுவதும் நாற்காலி, ஸ்டூல், கட்டில் எல்லாம் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டன. மாதாகோயில் பெஞ்சுகளுக்கும் போயிற்று. ரோசம்மா பட்டறைப் பக்கம் வந்து நல்ல வார்த்தை சொன்னது அப்போதுதான்.

"நாற்காலிங்க எல்லாம் சத்தமில்லாம ஓடுது தம்பி. கார் எப்ப ஓடும்?"

வேகத்தடைகளை மனப்பாடம் செய்யுங்கள்

கார் தரைக்கு மேலே ஒரு சாண்கூட இல்லை. ஜூலையில் ஓடத் தொடங்கிய முதல் நாளே, குவார்ட்டர்ஸ் கேட்டில் இருந்த வேகத்தடையில் சைலன்சரைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிற்று. அதற்குப் பிறகு கேட் வரும்போதெல்லாம் ஞானப்பிரகாசம் இறங்கி, நண்பர்கள் மூவரோடு காரைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பார். காவலாளி ஒரு மாதம் பார்த்தார், பிறகு கேட்டுவிட்டார். "கார் உங்கள தூக்கிக்கினு போவணும் அண்ணாத்தே. நீங்க இன்னாத்துக்கு அத்த தூக்கிக்கினு போறீங்கோ?"

ஓடும் வண்டியை டீக்காக நிறுத்தாதீர்கள்

ஆகஸ்டில் பருத்திப்பட்டு ஏரி ஓரமாக முதல் நீண்ட வெள்ளோட்டம். காற்று முகத்தில் அடிக்க, எனக்கே சிரிப்பு அடங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஞானப்பிரகாசம் டீக்கடை முன்னால் நிறுத்தினார். இரண்டு டீ குடித்து முடித்தபோது கார் கிளம்ப மறுத்துவிட்டது. சூட்டில் பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும். தானாக ஆற ஒரு மணி நேரம் ஆகும். புதுப் பம்பு கேட்டுப் பம்பாய்க்கு எழுதிப் போட்டேன்; பதில் இல்லை. ஆகவே வேப்பம்பட்டு வரை எங்கும் நிற்பதில்லை என்று முடிவு செய்தோம். முதலிலேயே அதைச் சொன்னவர் டீக்கடைக்காரர். "நல்லா ஓடிக்கினு இருந்ததை யாரு சார் நிறுத்தச் சொன்னது?"

ஈரத்துணி கைவசம் இருக்கட்டும்

செப்டம்பர் கடைசி சனிக்கிழமை, காலை பதினோரு மணிக்கு வீடு மந்திரிப்பு: சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துப் புது வீட்டை ஆசீர்வதிப்பார். ரோசம்மா உறவினர்களோடு முதல் ரயிலிலேயே போய்விட்டார். காரில் ஞானப்பிரகாசமும், கையில் தீர்த்த பாட்டிலோடு மாதாகோயில் பங்குச் சாமியாரும். பின்னால் ஸ்கூட்டரில் நான். பட்டாபிராம், நெமிலிச்சேரி எல்லாம் நிற்காமல் கடந்தோம். நான் கொண்டுவந்த கேன் தண்ணீர் முழுவதையும் திருநின்றவூரில் ரேடியேட்டர் குடித்துவிட்டது. இன்ஜினை அணைக்காமலே ஊற்றினேன்.

வேப்பம்பட்டு ரயில்வே கேட் மூடியிருந்தது. வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரம். கம்பிக்கு அப்பால் ரோசம்மா குடை பிடித்து நின்றிருந்தார். ஒரு கூட்ஸ் வண்டி போய், அடுத்து ஒரு எக்ஸ்பிரஸும் போனது. கார் இரண்டு முறை இருமி, அடங்கிவிட்டது. கேட் திறந்தது.

பின்னால் நின்ற பேருந்திலிருந்து ஐந்தாறு பேர் இறங்கி வந்தார்கள். நம் ஊரில் நின்ற காரைத் தள்ள யாரும் அனுமதி கேட்பதில்லை. ஞானப்பிரகாசம் சீட்டின் மேல் ஏறி நின்று இரண்டு கையையும் விரித்தார். "யாரும் தொடாதீங்க, தயவு செஞ்சு தொடாதீங்க." பேருந்து கண்டக்டர் கேட்டார்: "இன்னா நைனா, கை பட்டா சாயம் போயிடுமா?"

நான் பானெட்டைத் திறந்து, தோள் துண்டைப் பம்பின் மேல் சுற்றிவிட்டு, தண்ணீர் தேடினேன். டீக்கடையும் அந்தப் பக்கம்தான் இருந்தது. சாமியார் இறங்கி வந்தார். பம்பைப் பார்த்தார், ஞானப்பிரகாசத்தைப் பார்த்தார், கம்பிக்கு அப்பால் இருந்த குடையைப் பார்த்தார். பாட்டிலைத் திறந்து துண்டின் மேல் நிதானமாக ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. பேருந்து ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தது. நூறு எண்ணினேன். ஞானப்பிரகாசம் சாவியைத் திருப்பினார். இரண்டு முறை ஒன்றுமில்லை. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது.

கார் தண்டவாளத்தைத் தாண்டி, ரோசம்மாவைத் தாண்டி, புது வீட்டு வாசலில் போய் நின்றது. பின்னாலேயே நடந்து வந்த ரோசம்மா, முதலில் காரின் பின்பக்கத்தைச் சுற்றிப் பார்த்தார். கைத்தடம் எதுவும் இல்லை. பிறகு சாமியார் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். சாமியார் சொன்னார்: "வீட்டுக்குக் கால் பாட்டில் இருக்கு, ரோசம்மா. போதும். வீடு சூடாகி வழியில நிக்காது."

அந்தக் கார் அதற்குப் பிறகு என் பட்டறைக்கு நான்கு முறை ஓடியும் ஏழு முறை கயிற்றிலும் வந்தது. 1992 ஜனவரியில், ஐம்பத்தொன்றாவது வயதில், ரோசம்மா அதை ஓட்டுவதற்காக ஓட்டுநர் உரிமம் வாங்கினார்.