இரண்டாவது அடி

எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தைப் பற்றி உறவினர்களிடம் நாங்கள் சொல்லிவந்த செய்தி இதுதான்: ஹோமப் புகையில் கண் தெரியாமல், கீழ்க் கடையின் கணக்கர் மாடிப்படியில் வழுக்கி விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்டார். காவல் நிலையப் பதிவிலும் அவ்வாறே இருக்கிறது. முப்பத்தாறு ஆண்டு மத்திய அரசுப் பணியில் பொய்யான ஒரு வரியைக்கூடக் கோப்பில் எழுதியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவன் நான். அந்தப் பதிவின் கீழே சாட்சியாக என் கையெழுத்து இருக்கிறது. அவர் விழவில்லை. எங்கள் வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கால் அவரை அடித்தேன். இரண்டு முறை அடித்தேன்.

அப்போது ஓய்வுபெற எனக்கு நான்கு மாதங்கள் இருந்தன. சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டும். உடன் பணியாற்றியவர்களில் பெரும்பாலோர் துவாரகாவின் சொசைட்டி ஃபிளாட்டுகளுக்குக் குடிபோயிருந்தார்கள். அங்கே மாலைதோறும் ஒரே பூங்காவை வட்டமடித்து, பழைய பதவி உயர்வுகளைப் பேசி முதுமையைக் கழிப்பதில் எனக்கு விருப்பமில்லை. என்னிடம் குமாஸ்தாவாக இருந்தவர் மேல் மாடியிலும் நான் கீழேயும் வசிப்பதா என்ற எண்ணமும் இருந்தது. அதை இனி மறைப்பானேன்.

புசா ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் கடைத்தெரு ஒன்றில் இரண்டாம் மாடி விலைக்கு வந்தது. தரைத்தளத்தில் துணிக்கடைகள், முதல் மாடியில் அவற்றின் கிடங்கு, அதற்கு மேலே இரண்டு அறைகளும் சமையலறையும். தெருவில் குடும்பம் என்று வேறு எதுவும் இல்லை. ஆனால் மெட்ரோ நிலையம் அப்போதுதான் திறந்திருந்தது; பால்கனியில் நின்றால் ரயில் கண்மட்டத்தில் போயிற்று. என் மகன் படித்த தமிழ்ப் பள்ளி நடந்து போகும் தூரம். சுவர்களில் புது வெள்ளை. கதவும் ஜன்னல்களும் புதியவை. "ஏக்தம் ஃப்ரெஷ், சாப்" என்றார் தரகர். அவ்வளவு பழைய கட்டடத்தில் அந்த ஒரு மாடி மட்டும் ஏன் புதிதாக இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. விசாரிப்பதை நான் அலுவலகத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தேன் போலும்.

பத்திரம் பதிந்துவிட்டு வீட்டைப் பார்க்க வந்த அன்று, தெருமுனையில் ஒரு மனிதனை அடித்துக்கொண்டிருந்தார்கள். துணிக்கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடியவனாம். கடை ஷட்டரை இழுக்கும் கொக்கிக் கம்பிகளால் முழங்காலைக் குறிபார்த்து அடித்தார்கள். எலும்பில் இரும்பு படும் ஓசை மிகவும் வறண்டது. கடைக்காரர்களில் ஒருவர் இடையில் நிறுத்தி, வந்த வாடிக்கையாளருக்குப் பொறுமையாக வழி சொல்லிவிட்டு, மீண்டும் போய் அடித்தார். என் மகன் என் முழங்கையைப் பிடித்து இழுத்தான். தில்லியில் பிறந்து வளர்ந்தவன். அவன் தமிழ் அரைத் தமிழ்.

"ஜல்தி வாங்கப்பா. இவங்க கூட நமக்கு பங்கா வேண்டாம்." வம்பு வேண்டாமாம்.

படியேறும்போது வியாபாரிகள் சங்கத்துக்காரர் ஒருவர் வழிமறித்தார். அந்த மாடியையும் கிடங்காக்கிக்கொள்ள அவர்கள் நினைத்திருந்ததை நான் அறிவேன்.

"பாபுஜி, இங்கே பகலில் வியாபாரம், ராத்திரியில் எலி. குடும்பம் எங்கே இருக்கும்?" என்று இந்தியில் கேட்டார்.

"நான் வாங்கிய வீட்டில்" என்றேன்.

அவர் சிரித்தார். "இருங்கள், தாராளமாக இருங்கள். படி மட்டும் ஒன்றே ஒன்றுதான். கொஞ்சம் வழுக்கும்."

அன்று முதல் அந்தத் தெருவையே எதிரியாகக் கருதினேன். தை மாதத்தில் நாள் குறித்ததும் என் மனைவி சொன்னாள்: "கீழ கடைக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருங்க. நாளப்பின்ன அவங்க மொகத்துலதான முழிக்கணும்."

"என் வீட்டில் நான் ஹோமம் செய்ய அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டுமா?"

"அனுமதியா கேக்கச் சொன்னேன்? ஆளுக்கு ஒரு லட்டு குடுக்கச் சொன்னேன்."

நான் போகவில்லை.

அன்று காலை கடுமையான பனிமூட்டம். நாங்கள் மூவரும் சாஸ்திரிகளும் மட்டுமே இருந்தோம்; உறவினர்கள் மதிய உணவுக்கு வருவதாக ஏற்பாடு. எதிர்க் கடையின் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு அலறியதால் ஜன்னல்களைச் சாத்தச் சொன்னேன். கதவையும் உள்ளே தாழிட்டேன். ஈரத்தில் ஊறியிருந்த சமித்து எரியாமல் புகைந்தது.

"சார், புகை ஜாஸ்தியா இருக்கு. ஒரு ஜன்னலையாவது திறக்கட்டுமா?" என்றார் சாஸ்திரிகள்.

"மந்திரம் காதில் விழ வேண்டாமா? நடத்துங்கள்" என்றேன்.

பத்தரை மணிக்குக் கீழே ஷட்டர்கள் உயரும் ஓசை கேட்டது. சற்று நேரத்தில் படிகளில் பல கால்கள் ஓடிவந்தன. "தோடோ! தோடோ!" என்று கூவினார்கள். உடையுங்கள் என்று பொருள். கதவில் முதல் இடி விழுந்தது. அடுத்த இடியில் பலகை பிளந்து, கொக்கிக் கம்பியின் முனை உள்ளே நீண்டது. வீட்டைப் பறிக்க வந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

கதவு தாழ்ப்பாளோடு பெயர்ந்து விழுந்தது. முதலில் வந்தவன் ஒரு வாளி மணலைக் குண்டத்தில் கொட்டினான். அடுத்தவன் செங்கற்களை எட்டி உதைத்தான். தணல்கள் என் மனைவியின் புடவையில் தெறித்தன. வெறுங்கையால் அடித்து அணைத்தாள். உள்ளங்கை வெந்துவிட்டது. சாஸ்திரிகளை ஒருவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி வாசலை நோக்கித் தள்ளினான். அவர் நிலைக்கட்டையில் மோதிச் சரிந்தார். என் மகன் பாய்ந்து ஒருவனின் கழுத்தைப் பிடித்தான். கம்பி சுழன்று அவன் வாயில் பட்டது. ஹோமப் பலகையின் மேல் ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினான்.

நான் குத்துவிளக்கைத் தூக்கினேன். தாய்வழியில் வந்த விளக்கு. சாதாரணமாக இரண்டு கையால் தூக்க வேண்டியது. அன்று ஒரு கை போதுமானதாக இருந்தது. எரிந்துகொண்டிருந்த திரிகளும் எண்ணெயும் என் வேட்டியிலேயே கொட்டின.

ஈரச் சாக்கைத் தலையில் போர்த்திய ஒரு மனிதர் குனிந்து, கைகளால் தரையைத் துழாவியபடி உள் அறையை நோக்கிப் போனார். முதல் அடியை அவர் தோளில் போட்டேன். முழங்காலிட்டு விழுந்தார். சாக்கு நழுவியது. என் வயதுக்காரர், நரைத்த மீசை. தன்னை அடித்தவன் யாரென்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள் அறையைப் பார்த்து உரக்கக் கேட்டார்: "அந்தர் கோயி ஹை?"

உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். தில்லியில் முப்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தவனுக்கு அந்த இந்தி புரியாமலில்லை. பறிக்க வந்தவன் அப்படிக் கேட்கமாட்டான் என்பதும் அந்தக் கணத்திலேயே புரிந்தது. புரிந்த பிறகுதான் விளக்கை மறுபடி ஓங்கினேன். ஓங்கிய கையின் வேகம் அடங்கவில்லை என்று நெடுநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது உண்மையல்ல. நான் தவறு செய்துவிட்டேன் என்பதை எனக்குத் தெரியவைத்தவர் மேல் அந்த நொடியில் எனக்கு அடங்காத கோபம் வந்தது. விளக்கின் அடித்தட்டு அவருடைய இடப் புருவத்தில் இறங்கியது. ஓடு நொறுங்குவதைப் போன்ற ஓசை. கம்பி வைத்திருந்தவனே தன் கம்பியைக் கீழே போட்டுவிட்டு அவரைத் தாங்கினான்.

காவல் நிலையத்தில் துணை ஆய்வாளர் ஒருவர் எனக்கு நாற்காலி கொடுத்தார். "ரிடயர்மெண்ட் எப்போது, பாபுஜி?"

"மே மாதம்."

"அச்சா" என்று நீட்டினார். "அடிபட்டவர் வாயைத் திறந்து உங்கள் பெயரைச் சொன்னால் நான் வழக்குப் பதிய வேண்டும்."

வழக்கு என்றால் என்ன என்பதை அவர் எனக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களின் கோப்புகளில் நானே அதை எழுதியிருக்கிறேன். பணியிடை நீக்கம், விடைபெறும் விழா கிடையாது, ஓய்வூதியம் தீர்ப்பு வரும்வரை தற்காலிகம். ஓர் ஆயுட்காலம் காத்த பெயர் ஒரு தாளில் முடிந்துபோகும்.

"அந்த மாடியை வாங்கினீர்களே, யாரும் சொல்லவில்லையா?" என்று அவர் தொடர்ந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த மாடி துணிக் கிடங்காக இருந்ததாம். சுமை தூக்கும் இருவர் அங்கேயே படுத்திருப்பார்கள். சரக்குத் திருட்டுப் போகாமலிருக்க வெளியே பூட்டுவது வழக்கம். மின்கசிவில் துணி புகைந்து, இருவரும் உள் அறையில் மூச்சுமுட்டி இறந்தார்கள். எங்கள் புகையைக் கண்டதும் தெருவே ஓடிவந்தது அதனால்தானாம். பூட்டிச் சாவியை எடுத்துப்போயிருந்தவர் கடையின் கணக்கர்; தெருவில் எல்லோரும் முனீம்ஜி என்று அழைப்பவர். நான் அடித்தவர்.

அங்கிருந்து துணை ஆய்வாளரோடு மருத்துவமனைக்குப் போனேன். கடை முதலாளி அவர் காதருகே குனிந்து வெகுநேரம் பேசினார். வழக்கு என்று வந்தால் பழைய தீயும் ஒற்றைப் படிக்கட்டும் மறுபடி விசாரணைக்கு வரும் என்பது முதலாளியின் கவலை. பிறகு முனீம்ஜி, கட்டுப்போட்ட கண்ணோடு, துணை ஆய்வாளரிடம் நிதானமாகச் சொன்னார்: "புகை இருந்தது. படி வழுக்கியது. விழுந்தேன்."

எழுதியதை என்னிடம் நீட்டினார்கள். அதில் தேதி தவறாக இருந்தது. அதைச் சுட்டிக்காட்டித் திருத்தச் சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டேன்.

வெளியே, உதடு வீங்கிய என் மகன் காத்திருந்தான். "இஸ்ஸத் பிழைச்சுதாப்பா? முபாரக்" என்றான். மானம் தப்பியதற்கு வாழ்த்து. அவ்வாண்டு இறுதியில் பெங்களூரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான்.

மே மாதம் மாலை போட்டு வழியனுப்பினார்கள். அப்பழுக்கற்ற பணி என்று பேசினார்கள். அதே வாரத்தில் அந்த வீட்டுக்குக் குடிவந்தோம். முனீம்ஜியின் இடக்கண் பார்வை திரும்பவில்லை. கடை வாசலில் வெள்ளை மெத்தையில் அமர்ந்து, பேரேட்டை வலப்பக்கமாகச் சாய்த்து எழுதுவார். படியிறங்கினால் அவரைக் கடக்காமல் தெருவுக்குப் போக முடியாது.

"போயி மன்னிப்பு கேட்டுட்டு வாங்க. காலா தேஞ்சிரும்?" என்றாள் என் மனைவி. விளக்கின் அடித்தட்டு நெளிந்திருந்தது. அதை அவள் மறுபடி ஏற்றவே இல்லை.

"எழுதிக் கொடுத்தாயிற்று. இனிக் கிளறினால் அவருக்குத்தான் சங்கடம்."

"அவருக்காக்கும்" என்றாள்.

முதல் வெள்ளிக்கிழமை அவள் சாம்பிராணி போட்டாள். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. இருந்தும் மணம் படிவழியே இறங்கியிருக்க வேண்டும். மெதுவாக, சுவரைப் பிடித்தபடி யாரோ ஏறிவரும் ஓசை கேட்டது. கதவைத் திறந்தேன். முனீம்ஜி இரண்டு படி கீழே நின்றுகொண்டிருந்தார். அதற்கு மேல் ஏறவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், என்னைத் தாண்டி உள் அறையைப் பார்த்துக் கேட்டார்: "அந்தர் கோயி ஹை?"

குத்திக்காட்டினாரா, உண்மையிலேயே பதறி வந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. என் வலக்கை நிலைக்கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டது.

"ஹை" என்றேன். "நாங்கள் இருவர்."

தலையசைத்துவிட்டு இறங்கிப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார். அந்தக் கடை வேறு தெருவுக்கு மாறும்வரை, புகை எழுந்த எல்லா நாளும் வந்தார். சாம்பிராணியை நிறுத்திவிடலாமா என்று ஒருமுறை கேட்டேன். என் மனைவி இன்னொரு கரண்டி போட்டாள். ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து, பார்வை போன அந்தக் கண்ணுக்கு முன்னால் நின்று, அதே பதிலைச் சொன்னேன். அதைத் தவிர அவரிடம் வேறு ஒரு வார்த்தையும் நான் பேசியதில்லை.