மாம்பலத்தில் முதல் கொலு

ஏரியைத் தூர்த்து மனை போட்ட மாம்பலத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோனபோது, தவளைக்கும் பாம்புக்கும் துணையாகப் போகிறாயா என்று மயிலாப்பூர்ச் சொந்தக்காரர்கள் கேட்டார்கள். போய்ப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் தப்பில்லை. தெருவில் மொத்தம் ஐந்தாறு வீடுகள். முகம் தெரியும், பேச்சு கிடையாது. நவராத்திரி வரைக்கும் பார்ப்பது, அப்போதும் மனுஷர் பழக்கம் இல்லையென்றால் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மயிலாப்பூருக்கே திரும்பிவிடுவது என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஆசையாகக் கட்டிய வீடு. “சரி” என்று மட்டும் சொன்னார்.

கொலு வைத்தேன். குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் போய் மாட வீதியில் தெரிந்தவர்களையெல்லாம் அழைத்தேன். எல்லோரும் தாராளமாகத் தலையாட்டினார்கள். திரும்பும்போது ஜட்காக்காரன், “அந்தாண்ட ஒரே சேறா கீதும்மா, குதிரை எறங்காது” என்று பாதி வழியில் இறக்கிவிட்டான். வரப்போகிறவர்களுக்கும் அதே சேறுதான் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

மறுநாளிலிருந்து விடாத மழை. ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. தினம் ஊருக்கே போதுமான சுண்டலைச் செய்து நானும் அவரும் தின்று தீர்த்தோம். சுண்டலைக் கண்டாலே எனக்கு அழுகை வந்தது.

மழை விட்ட அன்று சாயங்காலம் வாசலுக்கு வந்தேன். எதிர் வீட்டு அம்மாள் ஒரு அடுக்கு நிறையச் சுண்டலைக் கொண்டுவந்து தெருவில் நின்ற மாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் கூடத்தில் கொலுப்படி தெரிந்தது.

மயிலாப்பூரில் இதற்கு ஒரு முறை உண்டு. தெருவுக்குப் புதிதாக வந்தவளைப் பழையவர்கள்தான் முதலில் குங்குமம் கொடுத்து அழைக்க வேண்டும். அழைக்காத கொலுவுக்குப் போனால் கௌரவம் போய்விடும். மாம்பலத்திலோ பழையவர் என்று ஒருவரும் இல்லை. அவரவர் அழைப்புக்குக் காத்துக்கொண்டு அவரவர் சுண்டலைத் தின்றுகொண்டிருந்தோம். நல்ல கௌரவம்.

உள்ளே போய்ச் சிமிழை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன்.

“ஆத்துல கொலு வெச்சிருக்கேன். வரணும்” என்றேன்.

அவள் அடுக்கைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “நாங்க வந்தன்னிக்கே உங்காத்து வாசல்ல கோலம் இருந்தது. நீங்கதான் பழையவா, கூப்பிடுவேள்னு இருந்தேன்.”

நாங்கள் அவர்களுக்கு ஒரு வாரம் முந்திக் குடிவந்தவர்கள்.

“இனிமே என்ன? கொலு முடிஞ்சதும் நாங்க மயிலாப்பூருக்கே போயிடறதா இருக்கோம்” என்றாள். “இங்க மனுஷாளே இல்லை.”

“போகாதேங்கோ” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான், நானும் போகப்போவதில்லை என்பது எனக்குத் தெரிந்தது.