கறுத்துப்போன ஸ்கேன் படம்

என் தங்கையின் கணவர் கொண்டுவந்த கவருக்குள் ஒரு கறுப்பு அட்டை இருந்தது. உள்ளங்கை அளவு. நான்கு மூலைகளையும் வட்டமாக வெட்டிப் பளபளவென்று லேமினேட் செய்திருந்தார்கள். அவர் கம்பெனி வேன் ஓட்டுகிறார். காலை ஷிப்டு ஆட்களை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இறக்கிவிட்டு, மண்ணூர்பேட்டையில் எங்கள் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தார். உள்ளே வரவில்லை. ஷட்டருக்கு வெளியே நின்றபடியே அட்டையை நீட்டினார்.

"அக்கா, இத்த கொஞ்சம் பாருக்கா. மேல கீற கறுப்ப மட்டும் எடுத்துர முடியுமா?"

கையில் வாங்கியதுமே அது என்னவென்று தெரிந்துவிட்டது. ஸ்கேன் இயந்திரத்தின் அடித்தட்டில் இருக்கும் சின்ன பிரிண்டர் மையால் அச்சடிப்பதில்லை, சூட்டால் அச்சடிக்கிறது. ஏடிஎம் ரசீதைப் போன்ற தாள் அது. சூடு பட்ட இடம் கறுக்கும், படாத இடம் வெள்ளையாக நிற்கும். அந்தத் தாளை லேமினேஷன் மெஷினின் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டால் முழுவதும் கறுத்துவிடும். மேலே எதுவும் படியவில்லை. எடுப்பதற்கு ஒன்றுமில்லை.

எங்கே கொடுத்தாய் என்று கேட்டேன். ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில்.

"உள்ள போகச்சொல்லோ நல்லாத்தான் இருந்துச்சுக்கா. வெளிய வரச்சொல்லோ இப்டி வந்துச்சு. கடைக்காரனே பயந்துட்டான். காசே வேணாம்னுட்டான்."

அது என் தங்கையின் குழந்தையின் படம். போன வருடம், கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. பெண் குழந்தை. கல்லறைத் தோட்டத்தில் மதில் ஓரமாகப் புதைத்தார்கள். பெயர் வைக்கவில்லை, சிலுவை நடவில்லை. தங்கை ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அவள் மாமியார் ஸ்கேன் ஃபைல், வாங்கி வைத்திருந்த துணி, பால் புட்டி எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டார். மருமகள் கண்ணில் படக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் குழந்தை இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு எடுத்த ஸ்கேனின் படம் ஒன்று மட்டும் தங்கையின் பைபிளுக்குள் இருந்திருக்கிறது. குழந்தையின் முகம் பக்கவாட்டில் தெரியும். அவள் தினமும் ராத்திரி ஜெபம் முடித்து அதை ஒரு முறை பார்த்துவிட்டுப் படுப்பாள். அதற்கு மேல் அந்தக் குழந்தையைப் பற்றி அவர்கள் வீட்டில் பேச்சு கிடையாது.

இந்த வருடக் கல்லறைத் திருநாளுக்கு அந்தப் படத்தைக் கொண்டுபோய், மெழுகுவத்தி எரியும் வரைக்கும் மதில் ஓரத்தில் வைத்திருந்து எடுத்து வர வேண்டும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். போன வருடம் அன்றைக்கு மழை. பூவெல்லாம் சேற்றோடு சேர்ந்துவிட்டது. மறுபடி மழை வந்தால் படம் நனைந்துவிடுமே என்று இவர் லேமினேட் செய்யக் கொண்டுபோயிருக்கிறார். அவளிடம் சொல்லாமல் எடுத்துப்போய், அவள் தேடியபோது லேமினேட் செய்யக் கொடுத்திருப்பதாகவும் கடைக்காரன் ஊருக்குப் போயிருப்பதாகவும் சொல்லி வைத்திருந்தார்.

"இன்னொண்ணு பிரிண்ட் போட்டுக் குடுத்துருக்கா. அந்த மெஷின் உங்களாண்டதான கீதுன்னு சொன்ன?"

இருந்தது. பழைய ஸ்கேன் இயந்திரங்களை வாங்கிச் சரிசெய்து விற்பது எங்கள் பட்டறையின் தொழில். அதில் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்துப் பழுது பார்ப்பவள் நான். வேலப்பன்சாவடி பக்கம் ஹைரோட்டில் இருக்கும் ஒரு ஸ்கேன் சென்டரின் இயந்திரங்களை எங்கள் முதலாளிதான் கவனித்துக்கொள்கிறார். அந்தப் பழக்கத்தில்தான் தங்கையை அங்கே அனுப்பினேன். போன மாதம் அந்த சென்டர் புதிய இயந்திரம் வாங்கியபோது பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டார்கள். அது எங்கள் பின்னறையில் மூடி கழற்றிய நிலையில் நின்றது.

அந்த சென்டரின் டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். தன்னிடம் படம் எதுவும் இல்லை என்றார். இயந்திரத்தின் டிஸ்கில் இருந்தால் அந்த ஒரு பெண்ணுடையதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதை வழக்கம்போல அழித்துவிடுங்கள் என்றார். விற்பதற்கு முன் டிஸ்கைச் சுத்தமாக அழிப்பது எங்கள் வேலைமுறை. இந்த இயந்திரத்துக்கு அது இன்னும் நடக்கவில்லை. பவர் சப்ளை எரிந்துபோயிருந்தது. போதாததற்கு அதன் முக்கியமான போர்டு ஒன்றை முதலாளி திருச்சிப் பார்ட்டி ஒருவருக்கு விற்றுவிட்டிருந்தார்.

"பொணத்துக்கு உசுரு குடுக்கப் போறியா?" என்று முதலாளி கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. முன்னறையில் அதே மாடல் இயந்திரம் ஒன்று, சரிசெய்து துடைத்து, திங்கட்கிழமை டெலிவரிக்குத் தயாராக இருந்தது. ஞாயிறு ஒரு நாளைக்கு அதிலிருந்து வேண்டியதைக் கழற்றிக்கொள்ள அனுமதித்தார். திங்கட்கிழமை காலையில் எல்லாம் அததன் இடத்தில் இருக்க வேண்டும், ஒரு ஸ்க்ரூ மிச்சமிருந்தாலும் உன்னைத்தான் கேட்பேன் என்று சாவியைக் கொடுத்தார்.

ஞாயிறு பூசை முடிந்து நேராக நானும் தங்கையின் கணவரும் பட்டறைக்குப் போனோம். தங்கையிடம் என்ன சொல்லிவிட்டு வந்தார் என்று நான் கேட்கவில்லை.

டிஸ்கை மட்டும் கழற்றி நம் கம்ப்யூட்டரில் போட்டால் வராதா என்று அவர் கேட்டார். எல்லாரும் கேட்பதுதான். போட்டால் வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான கோப்புகள் தெரியும். எந்த எண் எந்தத் தாயுடையது என்பது அந்த இயந்திரத்தின் மென்பொருளுக்கு மட்டுமே தெரியும். மென்பொருளோ அந்த இயந்திரம் முழுமையாக இருந்தால்தான் எழுந்திருக்கும்.

ஸ்கேன் இயந்திரம் பார்க்க ஒன்று, உள்ளே இரண்டு. பின்பாதி ஒரு சாதாரணக் கம்ப்யூட்டர். வீட்டில் இருப்பதைப் போலவே மதர்போர்டு, மெமரி, டிஸ்க் எல்லாம் உண்டு. முன்பாதிதான் வயிற்றோடு பேசுவது. டாக்டர் வயிற்றின் மேல் நகர்த்தும் புரோபின் நுனியில் வரிசையாகச் சின்னஞ்சிறு படிகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முடியைவிட மெல்லிய ஒரு வயர். அத்தனை வயர்களும் ஒரே கேபிளுக்குள் வந்து, பல்வரிசை போன்ற ஒரு கனெக்டரில் முடிகின்றன. அதன் பின்னால் ஒரு கூண்டில் போர்டுகள் நெருக்கமாக நிற்கின்றன. காதுக்குக் கேட்காத சத்தத்தை வயிற்றுக்குள் அனுப்புவது ஒரு போர்டு. உள்ளே பட்டுத் திரும்பி வரும் எதிரொலிகளை வாங்கி, முன்னும் பின்னுமாக வருபவற்றை நேர்செய்து, ஒன்றாகக் கூட்டிப் படத்தின் ஒரு கோடாக மாற்றுவது இன்னொன்று. அந்த இன்னொன்றைத்தான் விற்றிருந்தார்கள். சுவிட்ச் போட்டதும் கம்ப்யூட்டர் ஒவ்வொரு போர்டையும் கூப்பிட்டுப் பார்க்கும். ஒன்று பதில் சொல்லாவிட்டாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

முன்னறை இயந்திரத்திலிருந்து பவர் சப்ளையையும் அந்தப் போர்டையும் கழற்றிக் கொண்டுவந்தேன். போர்டைக் கூண்டுக்குள் தள்ளும்போது ஓரிடத்தில் தடுத்தது. அழுத்தாமல் வெளியே எடுத்து டார்ச் அடிக்கச் சொன்னேன். உள்ளே கம்பிமுனை போன்ற ஒரு பின் சாய்ந்திருந்தது. தையல் ஊசியால் அதை நிமிர்த்தி மறுபடி செருகினேன். அவர் போனின் வெளிச்சத்தை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். மூச்சு விடுவதற்கே பயந்தவர்போல இருந்தார்.

சுவிட்சைப் போட்டதும் மின்விசிறிகள் சுழன்றன. திரையில் எழுத்துகள் ஓடி, பாதியில் நின்றன. ஒரு போர்டு பதில் சொல்லவில்லை. நிறுத்தி, அந்தப் போர்டை வெளியே எடுத்து, அதன் விளிம்பிலுள்ள தங்கநிறக் கோடுகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, துடைத்து, திரும்பச் செருகினேன். இந்தத் தொழிலில் பாதிப் பழுது வெறும் அழுக்குதான்.

இரண்டாம் முறை நிற்கவில்லை. ஸ்கேன் சென்டரின் பெயர் திரையில் வந்தது. தங்கையின் கணவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

நோயாளிகள் பட்டியலில் தங்கையின் பெயரைத் தட்டினேன். பெயர், வயது, ஸ்கேன் எடுத்த தேதி மூன்றும் வந்தன. திறந்தேன். இடப்பக்கம் அளவுகள். தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பு, இதயத் துடிப்பு. வலப்பக்கம் படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் மட்டும் இருந்தது.

லோடு ஆகிறது என்று அவர் நினைத்துக் காத்திருந்தார். நானும் கொஞ்ச நேரம் அப்படியே நினைத்துக்கொண்டேன். பிறகு, பழுது இயந்திரத்திலா என்று பார்க்க, பட்டியலில் அவளுக்கு அடுத்த பெயரைத் திறந்தேன். அங்கும் கட்டம்தான். அதற்கடுத்ததிலும் அப்படியே. சில பெயர்கள் தாண்டி ஒன்றைத் திறந்தபோது படம் வந்தது. பக்கவாட்டில் ஒரு முகம், புடைத்த நெற்றி, சின்ன மூக்கு, வாயருகே ஒரு கை.

"இதான்க்கா," என்றார். திரையை விரலால் தொட்டார்.

"இல்ல தம்பி. மேல பேரப் பாரு."

அந்தப் பெண் தங்கைக்கு இரண்டு நாள் கழித்து வந்தவள்.

நடந்தது இதுதான். டிஸ்க் நிறைந்துவிட்டால் இயந்திரம் ஆகப் பழைய படங்களிலிருந்து ஒவ்வொன்றாகத் தானே அழித்து இடம் பண்ணிக்கொள்ளும். பெயரும் அளவும் இடத்தை அடைக்காதவை, அவற்றை விட்டுவிடும். அப்படி அழித்துக்கொண்டே வந்து, தங்கையைத் தாண்டி, இன்னும் சிலரைத் தாண்டி, அந்த இடத்தில் இருந்தபோது சென்டருக்குப் புதிய இயந்திரம் வந்துவிட்டது. இதை நிறுத்திவிட்டார்கள். புதியது ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் படம் இருந்திருக்கும். இதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அவரே தேதிகளைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

அழித்த கோப்புகளை மீட்கும் மென்பொருள் ஒன்று எங்களிடம் உண்டு. டிஸ்கைக் கழற்றி அதிலும் போட்டுப் பார்த்தேன். மதியம் முழுவதும் ஓடியது. அந்த இடங்களிலெல்லாம் ஏற்கெனவே வேறு குழந்தைகளின் படங்கள் எழுதப்பட்டிருந்தன. அவர் வாங்கிவந்த பிரியாணிப் பொட்டலங்கள் பிரிக்காமலே இருந்தன.

டிஸ்கைத் திரும்ப மாட்டி, தங்கையின் அளவுப் பக்கத்தைத் திறந்து என் போனில் படமெடுத்துக்கொண்டேன். இயந்திரத்தை நிறுத்தப் போனபோது அவர் என் கையைத் தடுத்தார்.

"அந்தப் படத்த ஒண்ணு போட்டுக் குடுக்கா. அந்த ரெண்டு நாளு கழிச்சு வந்துச்சே, அது."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"எல்லாம் ஒரே மாதிரிதான கீது. எனக்கே தெரியலியே. நான் அப்பன்தான?"

"அவளுக்குத் தெரியும்."

"தெரிஞ்சா இன்னா? தெரிஞ்சாலும் சொல்லமாட்டாக்கா. எனக்கோசரம் சும்மா இருப்பா."

இதைச் சொல்லிவிட்டு அவரே அதிர்ந்ததுபோல என்னைப் பார்த்தார். அதற்குள், உண்மையைச் சொல்கிறேன், பிரிண்டரில் தாள் இருக்கிறதா என்று என் கண் போய்ப் பார்த்திருந்தது. அவர் சொன்னது முழுக்கச் சரி. தங்கை அந்தப் படத்தை வாங்கிக்கொள்வாள். பார்த்த கணமே யாரோ பெற்ற பிள்ளை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். வாயைத் திறக்க மாட்டாள். பைபிளில் வைப்பாள், தினமும் எடுத்துப் பார்ப்பதுபோல் பார்ப்பாள், கல்லறைக்குக் கொண்டுபோய் மெழுகுவத்தி ஏற்றுவாள். தன் குழந்தையின் படம் போனதை ஒருத்தரிடமும் சொல்ல முடியாமல் ஆயுசுக்கும் அதைச் செய்வாள்.

சுவிட்சை அணைத்தேன். அவர் கீழே, கழற்றிப் போட்ட மூடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதார். நான் பவர் சப்ளையையும் போர்டையும் எடுத்து முன்னறை இயந்திரத்தில் மாட்டி, ஓடுகிறதா என்று பார்த்து, ஸ்க்ரூக்களைச் சரிபார்த்தேன். அதை முடிப்பதற்குள் அவரும் எழுந்து முகம் கழுவியிருந்தார்.

அயனம்பாக்கத்தில் அவர்கள் வீட்டுக்கு வேனில் போனோம். தங்கை தையல் மெஷினில் உட்கார்ந்து யாருக்கோ ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் இருவரையும் ஒன்றாகப் பார்த்ததும் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டாள். அவர்தான் சொன்னார். நான் சொல்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். மழை, ஜெராக்ஸ் கடை, பட்டறை, எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி, கறுப்பு அட்டையை மெஷின் பலகையின் மேல் வைத்தார். வேறொரு படத்தைக் கேட்டதையும் மறைக்கவில்லை.

அவள் அட்டையை எடுக்கவில்லை. "என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல," என்று மட்டும் சொன்னாள். கத்தியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணுமே இல்லியாக்கா அதுல?"

"படம் இல்ல. அளவு இருக்கு."

"இன்னா அளவு?"

போனை எடுத்துப் படித்தேன். தலைச் சுற்றளவு இருபத்தெட்டு சென்டிமீட்டர் என்றதும் கையைக் காட்டி நிறுத்தினாள். மெஷின் மேல் கிடந்த டேப்பை எடுத்து, இஞ்சுப் பக்கத்தைத் திருப்பி, சென்டிமீட்டர் பக்கத்தில் விரலை ஓட்டிக்கொண்டே போய் இருபத்தெட்டில் நிறுத்தினாள். நுனியை அந்த எண்ணோடு சேர்த்துப் பிடித்தாள். டேப் ஒரு வளையமாக நின்றது.

ஒரு சாத்துக்குடியைவிடப் பெரியது, தேங்காயைவிடச் சிறியது. குழந்தை பிறந்த அன்று அவளுக்கு மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள். அவள் கண் விழிப்பதற்குள் துணியில் சுற்றி எடுத்துப்போய்விட்டார்கள். எங்களில் குழந்தையைத் தொடாதவள் அவள் ஒருத்திதான்.

வளையத்தை மடியில் வைத்து, தலையைத் தாங்குவதுபோல அதற்குக் கீழே இடது உள்ளங்கையைக் கொடுத்தாள். வலது கையால் முனைகளைப் பிடித்துக்கொண்டாள். டேப் வழுக்கி வளையம் சின்னதாகிக்கொண்டே போனது. மறுபடி இருபத்தெட்டுக்குக் கொண்டுவந்தாள். மறுபடி வழுக்கியது. அவர் பக்கத்தில் மண்டியிட்டு, இரண்டு முனையும் சேரும் இடத்தைத் தன் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். அவள் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

"மெதுவாப் புடி," என்றாள்.