பிண அறையில் தொங்கிய மான்

ஓபல் ஸ்கைல்ஸைப் பற்றி எங்கள் கெட்டில் ஃபோர்க் ஊரில் இரண்டு கருத்து உண்டு. அவள் பிடிவாதக்காரி என்பது ஒன்று. அவள் தாங்கமுடியாத பிடிவாதக்காரி என்பது இன்னொன்று. இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். அந்தப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக் நான், பெயர் டாயில். தினமும் காலையில் அவள் வண்டியைச் சுற்றி வருவாள், ஒவ்வொரு டயரையும் தட்டுவாள், விளக்குகளைப் போட்டு அணைப்பாள், அதற்குப் பிறகுதான் சோதனைத் தாளில் கையெழுத்துப் போடுவாள். மற்ற ஓட்டுநர்கள் திங்கட்கிழமையே வெள்ளி வரைக்கும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். நானும் கண்டுகொள்ள மாட்டேன்.

அவளுக்கு ஒரே தம்பி, வெர்லின். முதுகுவலிக்கு என்று மாத்திரை போட ஆரம்பித்து, அதிலேயே விழுந்து, பெண்டாட்டியை இழந்து, பெற்ற மகளின் கல்யாணத்துக்கு அழைப்பில்லாமல் போனவன். பிறகு எழுந்தும் விட்டான். ஒன்பது வருடம் எதையும் தொடவில்லை. வியாழக்கிழமைதோறும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அவனைப் போன்றவர்கள் கூடும்போது காபி போடுவது அவன்தான். தொடாமல் கழித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அங்கே நாணயம் போல ஓர் உலோக வில்லை கொடுப்பார்கள். ஒன்பதையும் சட்டைப்பையில் போட்டுக் குலுக்கிக்கொண்டே நடப்பான். மகள் டான்ஸி அந்த வசந்தத்தில்தான் தன் குழந்தையைக் கூட்டிக்கொண்டு முதல்முறையாக அவன் வீட்டுக்கு வந்தாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு திங்கட்கிழமை, போனை எடுக்கவில்லையே என்று ஓபல் போய்ப் பார்த்தபோது, ட்ரெய்லர் வீட்டுக் கட்டிலில் வெர்லின் செத்துக் கிடந்தான்.

இப்படித் தனியாகச் செத்தவர்கள் எதனால் செத்தார்கள் என்று எழுதித் தரவேண்டியவர் கவுண்டியின், அதாவது எங்கள் மாவட்டத்தின், கொரோனர். அதற்கு டாக்டராக இருக்க வேண்டியதில்லை, தேர்தலில் ஜெயித்தால் போதும். எங்கள் கொரோனர் கேலன் ப்ரூயிட். ஊரின் ஒரே சவ அடக்க நிலையமும் அவருடையதுதான். செத்தவரை விசாரிப்பதும் அவர், சவப்பெட்டி விற்பதும் அவர். ஜூலை ஊர்வலத்தில் கவுண்டி வண்டியிலிருந்து பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசுவார். அந்த மிட்டாய்க்காகவே நாங்கள் நான்கு தடவை ஓட்டுப் போட்டோம். நானும்தான் போட்டேன், அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அவர் படமெடுக்கும் காவலர் ஒருவரோடு வந்தார், கட்டிலருகே ஊசி கிடப்பதைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"என்னம்மா ஓபல், பழைய பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா?"

"அது இன்சுலின் ஊசி, கேலன். அவனுக்கு சர்க்கரை. ஃப்ரிட்ஜத் தொறந்து பாரு, மருந்து இருக்கு."

"பாக்கறேன், பாக்கறேன்."

பார்க்கவில்லை. நான்கு அடி தூரத்தில் இருந்த ஃப்ரிட்ஜ் அது.

"ரத்தத்த எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பு. அது போதும் எனக்கு," என்றாள் ஓபல்.

"பட்ஜெட் இல்லம்மா. இந்த வருஷத்துக்கு டெஸ்ட் காசு தீந்துபோச்சு."

"நான் கட்டறேன்."

"சரி, பாக்கலாம்."

மூன்று நாள் கழித்து அவள் பணத்தோடு போனபோது, உடல் கெட்டுவிட்டது, இனி எந்தச் சோதனையும் செல்லாது என்று கைவிரித்தார். குளிர் அறை ரிப்பேராம். ஆகஸ்ட் வெயிலில் வெர்லினைக் கார் கொட்டகையில் கிடத்தி ஒரு மின்விசிறியைப் போட்டிருக்கிறார்கள். இறப்புச் சான்றிதழில் காரணம் என்ற இடத்தில் 'அளவு மீறிய போதை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

டான்ஸிக்கு ஒரு நகல் போயிற்று. அவள் அடக்கத்துக்கு வரவில்லை. போனில் ஒரே ஒரு தடவை பேசினாள். "ஒம்பது வருஷமும் பொய்தானா அத்தை? என் பிள்ளைய அவர் மடியில வெச்சேனே."

அந்த ஒரு வரியை மாற்றிவிட வேண்டும். ஓபலுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. அவன் எதனால் செத்தான் என்று அவளுக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக எழுதி என் தம்பி தலையில் கட்டாதே என்பதுதான் அவள் கேட்டது.

கவுண்டி உறுப்பினர்கள் மாதம் ஒருமுறை கூடுவார்கள். பொதுமக்கள் பேச மூன்று நிமிடம். முட்டை வேகவைக்கும்போது பார்க்கிற கடிகாரத்தைத் தலைவர் மேசையில் வைத்துத் திருகுவார். ஓபல் முதல் கூட்டத்தில், "கொரோனர் ஆபீஸ் காசெல்லாம் எங்க போவுது, கணக்கக் காட்டுங்க," என்றாள். மனு போடுங்கள் என்றார்கள்.

போட்டாள். தவறான படிவம் என்று திரும்பி வந்தது. சரியான படிவம் கொடுத்தபோது, செவ்வாய்க்கிழமை காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை மட்டுமே பார்க்கலாம் என்றார்கள். அந்த நேரத்தில் அவள் நாற்பது பிள்ளைகளோடு மலைப்பாதையில் இருப்பாள் என்பது அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், அவர்கள் பிள்ளைகளும் அந்த நாற்பதில் அடக்கம். மூன்றாவது மனுவுக்குப் பதிலே இல்லை. நான்காவதற்கு முப்பத்தெட்டுப் பக்கம் கொடுத்தார்கள், பக்கத்துக்குக் கால் டாலர் வாங்கிக்கொண்டு. பாதி வரிகளைக் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். எங்கள் வரிப்பணம், எங்கள் பிணங்கள், எங்களுக்கே மறைப்பு.

என் கொட்டகையில் டயர்மேல் உட்கார்ந்து அவற்றை வரிவரியாகப் படித்தாள். புளோரிடாவில் மாநாடு, ஆறு நாள். புது வண்டி. அந்த வண்டியில் படகு இழுக்கும் கொக்கி. சோதனைக்குக் காசில்லாத அலுவலகம் இது. ஒரு பக்கத்தில் விரலை நிறுத்தினாள்.

"இங்க பாரு டாயில். குளிர் அறை, கழட்டி மாட்டுற மாதிரி, ஆறு உடல் வைக்கலாம், இருபத்து மூணாயிரத்துக்கு வாங்கிருக்கான். கவுண்டி தகடு எண் 0417. நிலைமை, பயன்பாட்டில் உள்ளது."

"ரிப்பேர்னு சொன்னானே?"

"ரிப்பேர்னா ரிப்பேர் பில் எங்க? ரெண்டு வருஷத்துக்குத் தேடிட்டேன். ஒண்ணுகூட இல்ல."

அப்படியானால் அந்த அறை எங்கே? கேட்டால் கொரோனர் சிரித்தார். "பிணம் வைக்கிற எடத்துக்கெல்லாம் சுத்திப் பாக்க வருவியாம்மா?"

நவம்பரில் மான் வேட்டை தொடங்கியது. தொடக்க நாளில் எங்கள் பக்கம் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. வாரப் பத்திரிகையில் ஒரு பக்கம் முழுக்க, மான் சுட்டவர்களின் படங்களாக இருக்கும். அந்தப் பக்கத்தில் பெயர் வராதவன் மாமனார் வீட்டுக்குப் போக முடியாது. முதல் படமே ப்ரூயிட்டுடையது. பன்னிரண்டு கிளைக் கொம்பு. நானும் வேட்டைக்காரன்தான், வயிற்றெரிச்சலோடு ஓபலிடம் நீட்டினேன்.

"பாரு, இந்தத் திருட்டுப்பயலுக்குப் போய் எப்படிப்பட்ட கொம்பு மாட்டியிருக்கு."

அவள் மானைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். மானுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கதவு திறந்திருந்தது, உள்ளே கொக்கிகளில் இன்னும் இரண்டு மான்கள் தொங்கின. கதவின் மேல்மூலையில் சின்னதாக ஒரு தகடு. என் பூதக்கண்ணாடியைப் பிடுங்கி வைத்துப் பார்த்தாள். 0417.

உலகத்தில் எத்தனையோ விதமாகத் திருடன் மாட்டுவான். மான் பெருமைக்காகத் தன் திருட்டைத் தானே படம் பிடித்துப் பத்திரிகைக்கு அனுப்புகிற திருடன் எங்கள் கவுண்டியில்தான் கிடைப்பான்.

ஓபல் சத்தம் போடவில்லை. "என் தம்பிய அங்க புழுங்க விட்டுட்டு, இங்க மானுக்குக் குளிரு வெச்சிருக்கான்," என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

டிசம்பர் கூட்டத்தில் ப்ரூயிட்டும் இருந்தார். ஓபல் படத்தையும் பட்டியலையும் மேசையில் வைத்தாள். தலைவர் கடிகாரத்தைத் திருகினார்.

"கேலன், 0417 எங்க இருக்கு?"

"என் வேட்டைக் குடிசையில. சும்மா கெடக்குதேன்னு போன வருஷம் கொண்டுபோனேன், இந்தா அந்தான்னு திருப்பிக் கொண்டாரல. பெரிய குத்தமா இது?"

"கொண்டுபோறதுக்கு முன்னாடி அதுல பிணம் இருந்துச்சா?"

"கழுவிட்டுத்தாம்மா வெச்சோம்."

போன வருடம் தீயணைப்பு நிலைய விருந்தில் ப்ரூயிட் அள்ளிக் கொடுத்த மான்கறியை நாங்கள் அத்தனை பேரும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டிருந்தோம். பின்வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அதற்குப் பிறகு கத்தல்தான், கடிகாரம் மணியடித்தது யாருக்கும் கேட்கவில்லை. நான்கு மாதமாக வெர்லினுக்காக வாய் திறக்காத ஊர், தன் வயிற்றுக்காகத் திறந்தது. நானும் அந்த ஊரில் ஒருவன். ஆகவே யாரைத் திட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை, எல்லோரையும் சேர்த்தே திட்டுகிறேன்.

குளிர் அறை திரும்பி வந்தது. ப்ரூயிட் வருத்தம் தெரிவித்தார். அவ்வளவுதான். தேர்ந்தெடுக்கப்பட்டவரை நீக்க ஓட்டுப் போட்டவர்களால்தான் முடியுமாம். சான்றிதழை மாற்றச் சொல்லி ஓபல் கேட்டபோது கவுண்டி வழக்கறிஞர் சட்டத்தைக் காட்டினார். எழுதிய அலுவலகம்தான் மாற்ற முடியும், கொரோனரின் கையெழுத்தோடு.

"உன் தம்பி போதைக்காரனாவே கெடக்கட்டும்," என்று ப்ரூயிட் படிக்கட்டில் வைத்துச் சொன்னார். என் காதால் கேட்டேன். அவரை அடிக்கப் போன என்னைத் தடுத்ததும் ஓபல்தான்.

மறுவாரம் அவள் கொரோனர் பதவிக்கு மனுத்தாக்கல் செய்தாள். பேருந்து ஓட்டியவளுக்குப் பிணத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேலி செய்தார்கள். "தெரியாதத தெரியலன்னு எழுதத் தெரியும்," என்று வீடுவீடாகச் சொன்னாள். மிட்டாய் வீசவில்லை. அடுத்த நவம்பரில் நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

ஜனவரியில் பதவியேற்ற முதல் நாள் நானும் போயிருந்தேன். மேசையில் வெர்லினின் கோப்பு. மாற்றுவதற்கான படிவத்தை நானே எடுத்து முன்னால் வைத்தேன், பேனாவையும் திறந்து கொடுத்தேன்.

"போடு ஓபல். இதுக்குத்தானே இவ்வளவும்?"

அவள் கோப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். பிறகு மூடினாள்.

"இவன் என் தம்பி, டாயில். நான் போடக்கூடாது. பக்கத்துக் கவுண்டி கொரோனருக்கு அனுப்பறேன். அவரு பாத்து என்ன எழுதச் சொல்றாரோ, அதான்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "பைத்தியமா உனக்கு? அவரு மாத்த வேண்டாம்னுட்டா? ஒரு கையெழுத்துடி. யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்," என்றாள்.

ஏப்ரலில் பதில் வந்தது. ஊசி இன்சுலின் ஊசி, ஃப்ரிட்ஜில் மருந்து இருந்ததற்குக் காவலர் எடுத்த படமே சாட்சி, எந்தச் சோதனையும் செய்யப்படவில்லை, ஆகவே இறப்பின் காரணம் தெரியவில்லை. அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டுத்தான் ஓபல் கையெழுத்துப் போட்டாள். ஒரு நகலை டான்ஸிக்கு அனுப்பினாள், கூடவே அந்த ஒன்பது வில்லைகளையும்.

பத்து நாள் கழித்து டான்ஸியிடமிருந்து போன் வந்தது. "அப்படின்னா அப்பா எதையும் தொடலதானே அத்தை?"

ஓபல் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லடி பாவி என்று நான் எதிரே நின்று கையாட்டினேன்.

"தெரியலம்மா," என்றாள் ஓபல். "தெரிஞ்சுக்க விடாம பண்ணிட்டாங்க."