நான்காக மடித்த துணி

இது நடந்தது. சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணுகிறேன். ஆனால் எதன்மேல் கை வைத்துப் பண்ணுவது என்பதில் மட்டும் இப்போதெல்லாம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கிறேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். ஊரார் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து, "இப்பத் தெளிவாத் தெரியுதா?" என்று கேட்பதுதான் பிழைப்பு. அப்படிப்பட்டவன் 'என் கண்ணால் பார்த்தேன்' என்றால் அதற்குக் கொஞ்சமாவது மதிப்பு இருக்க வேண்டும்.

மனைவி போய் இரண்டு வருடம். மகள் வெளியூரில் வேலை. போன தடவை வந்தவள் வீடு கிடந்த கோலத்தைப் பார்த்தாள், அழுதாள், சிங்க்கில் கிடந்ததை எல்லாம் கழுவினாள், சாயந்திர ரயிலுக்கே கிளம்பிவிட்டாள். இந்தத் தடவையும், "காலையில வந்துட்டு சாயந்திரம் கிளம்பிடுவேன்பா" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். ஒரு ராத்திரியாவது அவளைத் தங்க வைக்க வேண்டும். அதற்கு, அப்பா தேறிவிட்டார் என்று அவளுக்குத் தோன்ற வேண்டும். வீட்டைத் தேற்றுவது என்னால் ஆகிற காரியமில்லை. காரைத் தேற்றலாம் என்று நினைத்தேன்.

புரோக்கர் மூலம் வாங்கிய பழைய கார். காகிதத்தில் கருநீலம். நேரில் பார்த்தால் சிலேட்டு. பெயின்ட் கடைக்காரர் பாலிஷ் டப்பாவைக் கொடுத்து விவரம் சொன்னார். "பஞ்சுல கொஞ்சமா எடுத்துத் தடவுங்க. வெள்ளையாக் காயட்டும். அப்புறம் துணியை நாலா மடிச்சு நேர்கோடாத் துடைங்க. வட்டமா மட்டும் தேய்ச்சிடாதீங்க சார். வெளிச்சத்துல சிலந்தி வலை மாதிரி தெரியும்."

மறுநாள் காலை மகள் வருகிறாள். சாயந்திரம் ஆறரைக்கு ஷெட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வட்டமாகத்தான் தேய்த்தேன். வாழ்நாள் முழுக்க லென்ஸ் துடைத்த கை வேறு எப்படிப் போகும்? பானெட் முழுக்கச் சிலந்தி வலை. எரிச்சலில் துணியைக் கசக்கிக் கார்மேல் எறிந்துவிட்டு டீ போடப் போனேன்.

திரும்பி வந்தபோது மணி ஏழேகால். துணி பானெட்டின் மேல் இருந்தது. நான்காக மடித்து.

நான் கைக்குட்டையைக்கூட மடிக்காதவன். இந்தக் குணத்துக்காக என் மனைவி என்னை எத்தனையோ தடவை பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பப் பார்த்திருக்கிறாள். சரி, வயதான காலத்தில் ஒழுங்கு வந்துவிட்டது போலிருக்கிறது என்று என்னை நானே தட்டிக்கொடுத்தேன்.

பிறகுதான் கவனித்தேன். பானெட்டில் சிலந்தி வலை இல்லை.

ஒன்றுகூட இல்லை. விளக்கு அதில் இன்னொரு விளக்காக எரிந்தது.

இடப்பக்கக் கதவுக்கு வந்து குந்தி உட்கார்ந்தேன். தேய்த்தேன். சரக்... சரக்... கை வலித்தது. நிறுத்தினேன்.

சரக்... சரக்...

சத்தம் நிற்கவில்லை. காரின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. நிதானமாக. நேர்கோடாக.

"யாருங்க?"

நின்றது.

தரையோடு தலையை வைத்து, காருக்கு அடியில் பார்த்தேன். அந்தப் பக்கம் சக்கரங்கள் தெரிந்தன. சுவர் தெரிந்தது.

கால் எதுவும் தெரியவில்லை.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். நானும் ஓடுகிற ஜாதிதான். ஆனால் பாதிக் கார் பாக்கி இருந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டு வருடமாக அந்த வீட்டில் என்னோடு சேர்ந்து யாரும் எந்த வேலையும் செய்ததில்லை. நான் வெங்காயம் நறுக்கினால் நான் மட்டும்தான் அழுவேன். அந்தச் சத்தம் நின்றதும் ஷெட் திடீரென்று ரொம்பப் பெரிதாகிவிட்டது.

மறுபடி தேய்த்தேன். இந்தத் தடவை நேர்கோடாக.

சரக்...

அந்தப் பக்கமும்... சரக்...

இப்படியே போனோம். நான் இடம். அது வலம். முன் கதவு. பின் கதவு. கார் பளபளவென்று ஆகிக்கொண்டே வந்தது. எட்டே முக்காலுக்குப் பின்பக்கம் வந்தேன். டிக்கி மூடியில் பாலிஷைத் தடவினேன்.

அந்தப் பக்கச் சத்தம் நின்றுவிட்டது.

பாலிஷ் வெள்ளையாகக் காய்ந்தது. இரண்டு இடங்களில் மட்டும் காயவில்லை. ஈரமாக, கருப்பாக...

இரண்டு உள்ளங்கைகள். பத்து விரல்கள்.

சின்னக் கைகள். நாலு வயது இருக்கும்.

துடைக்கத் துணியை நீட்டினேன்.

மணிக்கட்டில் ஏதோ பட்டது. சில்லென்று. முரட்டுத்தனமாக இல்லை. அடுப்பில் கை வைக்கப் போகிற குழந்தையைப் பிடிப்போமே... அப்படி.

டிக்கிக்குக் கீழே, பம்பரின் பளபளப்பில் நான் தெரிந்தேன்.

என்னை ஒட்டி ஒருவர் குந்தி உட்கார்ந்திருந்தார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடினேன்.

கதவைத் தாழிட்டு, அதற்கு நாற்காலியை முட்டுக்கொடுத்து, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து விடிய வைத்தேன். காலையில் ஷெட்டை எட்டிப் பார்த்தேன். கார் புதுசு மாதிரி நின்றது. டிக்கியில் அந்த இரண்டு கைகளைச் சுற்றி மட்டும் வெள்ளை. மற்ற இடமெல்லாம் யாரோ துடைத்திருந்தார்கள். துணி நான்காக மடித்து வைத்திருந்தது.

அந்தக் காரிலா போனாய் என்று கேட்பீர்கள். ரயில் வரும் நேரம், வேறு என்ன செய்ய? ஸ்டேஷனில் மகள் காரைச் சுற்றி வந்தாள்.

"யாருகிட்டக் குடுத்துச் செஞ்சீங்க?"

"நான்தான்மா செஞ்சேன்."

"சட்டையே ஒழுங்காப் போடத் தெரியாது உங்களுக்கு" என்றவள் டிக்கி அருகில் நின்றுவிட்டாள். "இது யாரு கைப்பா?"

பொய் சொல்ல வரவில்லை. காரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "புரோக்கரைக் கேட்டுருவோம்" என்று போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

காரில் இருக்கிற சின்னக் கைகள் யாருடையவை என்று புரோக்கரிடம் கேட்டாள்.

"அது பழைய ஓனரோட பொண்ணு கை சார். சின்னதா இருக்கறப்ப, பாலிஷ் காயறதுக்குள்ள கையை வச்சிடுச்சாம். அந்த இடத்தை மட்டும் கடைசி வரைக்கும் அவர் துடைக்கவே விடல."

"அந்தப் பொண்ணு இப்ப எங்க?" என்றாள் மகள்.

"வெளிநாட்டுலம்மா. வரேன் வரேன்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருந்துச்சு. ஒருவழியா டிக்கெட் போட்டுச்சு. அதைக் கூப்பிடப் போகணும்னு முந்தின நாள் இவர் காருக்குப் பாலிஷ் போட்டிருக்கார். தனியாத்தான் இருந்தார். அங்கேயே மாரடைப்பு. பொண்ணு வந்துதான் பார்த்துச்சு."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படியே, "அப்பா, திங்கட்கிழமை போய்க்கிறேன்" என்றாள். நான் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

புரோக்கர் இன்னும் லைனில் இருந்தார்.

"சார்... அந்தக் கை எங்க இருக்குன்னு சொன்னீங்க?"

"டிக்கி மூடியில."

"அந்த மூடி துருப்பிடிச்சுப் போச்சு சார். உங்களுக்கு விக்கறதுக்கு முன்னாடி நான்தான் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டேன்."

"அப்ப இது?"

"இது புது மூடி சார்."