டாக்டரம்மா கேட்ட நாள் கணக்கு

எழுபதுகளின் கடைசியில் அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது எனக்குப் பத்து வயது. அப்பாவின் அக்காவான அத்தையும் வந்தாள். என்னை அழைத்துப் போனதற்கு ஒரே காரணம், எங்கள் வீட்டுப் பெண்களில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆரணியில் பஸ் ஏறியதிலிருந்தே பெரிய மனுஷி மாதிரி நடந்துகொண்டேன்.

அங்கே காத்துக் கிடந்ததுதான் மிச்சம். சீட்டு வாங்க ஒரு வரிசை, எடை பார்க்க ஒரு வரிசை, ரத்தம் எடுக்க இன்னொன்று. மூத்திரத்துக்குக் கொடுத்த சின்ன சீசாவை அம்மா முந்தானையில் மறைத்துக்கொண்டு போனாள். உட்கார்ந்த பெஞ்சிலெல்லாம் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பெயர் கூப்பிட்டால் நான்தான் உலுக்கி எழுப்பினேன். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை அத்தையும் நானும் தின்றோம். அம்மா வேண்டாம் என்றாள். மூன்று மணிக்குத்தான் உள்ளே விட்டார்கள்.

"எத்தனை நாளா ரத்தம் போகுது?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"மூணு நாளுதாங்க. எல்லாருக்கும் போல" என்றாள் அம்மா, அத்தையின் பக்கம் திரும்பாமல்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பட்டு நெய்கிற எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளும் பெண்கள் தறிப்பக்கம் போகக்கூடாது, பட்டு நூலைத் தொடக்கூடாது. நான்காம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு தறிக்குழியில் இறங்கலாம். அம்மாவும் அப்படித்தான் இறங்கினாள். ஆனால் ரத்தம் நிற்கவில்லை. தறியில் இருந்தது ஒரு கல்யாணத்துக்கான முகூர்த்தச் சேலை. தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் எழும் முன்னே கொல்லையில் துணிகளை அலசுவாள். நான் தண்ணீர் மொண்டு ஊற்றுவேன். "அத்தைகிட்ட மூச்சு விடாதடி" என்று சொல்லி வைத்திருந்தாள்.

டாக்டரம்மா அம்மாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் பார்த்தார்.

"மூணு நாள் போனா ரத்தம் இவ்வளவு குறையாதும்மா. மயக்கம் குடுத்து, கர்ப்பப்பையைச் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும். நீ மறைச்சா உன் உயிருக்குத்தான் ஆபத்து. நிஜத்தைச் சொல்லு."

அம்மா செத்துப்போய்விடுவாள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

"பத்தொம்பது நாளா போய்க்கினே கீது" என்று கத்திவிட்டேன். அம்மா கிள்ளிய கிள்ளில் என் தொடை இரண்டு நாள் கன்றியிருந்தது. தீட்டோடு அம்மா பட்டைத் தொட்டதற்கு அத்தை என்ன ஆட்டம் ஆடப் போகிறாளோ என்று அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"இருவத்திமூணு" என்றாள் அத்தை, டாக்டரம்மாவிடம். "பொண்ணு தப்பா சொல்லுதுங்க. இன்னியோட இருவத்திமூணு நாளு. நடுவுல ரெண்டு நாளு கட்டி கட்டியா போச்சு."

அம்மா நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் அழுதாள், ரொம்ப நேரம். டாக்டரம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, முதலில் ரத்தம் ஏற்ற வேண்டும், மற்றதெல்லாம் அதற்கப்புறம் என்று சொல்லி அன்றைக்கே படுக்கையில் சேர்த்தார். அம்மா பிழைத்தாள்.

முந்தின நாள் சாயங்காலம்தான் அந்தச் சேலையைத் தறியிலிருந்து அறுத்து மடித்திருந்தார்கள். மடித்த கையோடு, "நாளிக்கு வேலூர் போயி காட்டிகினு வந்துரலாம்" என்று சொன்னதும் அத்தைதான். நாள் தவறாமல் எண்ணிக்கொண்டிருந்தவள் ஏன் அதுவரை வாயைத் திறக்கவில்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அம்மா எதற்கு அழுகிறாள் என்றும் யோசிக்கவில்லை. வகுப்பில் கணக்கில் முதல் மார்க் வாங்குகிறவள் நான். கையெழுத்துகூடப் போடத் தெரியாத அத்தை, டாக்டரம்மா முன்னால் என் கணக்கைத் தப்பு என்று சொல்லிவிட்டாளே என்ற அவமானத்தில், அம்மாவோடு சேர்ந்து நானும் அழுதேன்.