சோதனைக் குழாய்க்குள் ஓர் இரும்பு உலை

ஆய்வுக்கூடத்துக்குக் குங்குமச் சிமிழோடு போன ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? சென்ற வியாழக்கிழமை காலை நான் பார்த்தேன். கூடவே போனதும் நான்தான்!

ஆள், என் அடுத்த வீட்டுப் பழனிசாமி. பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் ஆலையில் ஃபர்னஸ் ஆபரேட்டர். மகள் கவிதா, வாளையாறு தாண்டிக் கோவையில் ஆராய்ச்சி மாணவி. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இரும்புத் துகள்களைப் புற்றுநோய் உயிரணுக்களோடு சேர்த்து, விடாமல் திசை மாறும் காந்தப்புலத்தில் வைக்கிறாள். துகள் சூடாகும். அணு சாகும்.

கேட்க எளிது. ஆனால் முந்தைய சோதனைகளில் காந்தப்புலம் தரும் கம்பிச் சுருளே சூடாகி, துகள் சேர்க்காத குழாயிலிருந்த அணுக்களும் செத்துப்போயின. அப்புறம் அது மருந்தா, அடுப்பா? "இந்த முறையும் இப்படியே ஆனால் ஆய்வுத் தலைப்பை மாற்றிவிடு" என்று சொல்லிவிட்டார் அவளுடைய ஆராய்ச்சி கைடு. அத்தனை வருட உழைப்பு!

"இரும்பக் காய்ச்சறதுக்கு ஊட்ல நானொருத்தன் போதாதுங்களா சார்?" வழியெல்லாம் பழனிசாமியின் கேலி. கை மட்டும் சிமிழை விடவில்லை. அவர் ஆலையில் பொட்டு வைக்காமல் எந்தப் புது மெஷினையும் ஓட்ட மாட்டார்கள்.

ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் மெஷினை நோக்கி அவருடைய குங்கும விரல் நீண்டது.

"ஐயோ அப்பா, தொடாதீங்க! தூசி பட்டாலே கெட்டுப்போயிருமுங்க."

"பொட்டு வெக்காம எப்படி அம்மிணி ஓட்டறது?"

"இந்தத் தடவ சூடாகாம இருக்கச் சுருளச் சுத்தித் தண்ணி ஓட விட்டிருக்கறனுங்க, உங்க ஃபர்னஸ் மாதிரியே. நீங்க வெளிய நில்லுங்கப்பா."

நின்றோம். சிவந்த விரலைத் துடைக்கவும் அவருக்கு மனசில்லை.

மதியம் கூப்பிட்டாள். கைடும் வந்திருந்தார். கம்ப்யூட்டர் திரையில் உயிருள்ள அணு பச்சை, செத்தது சிவப்பு. துகள் சேர்த்த குழாய்... சிவப்போ சிவப்பு! சேர்க்காத குழாய்? பச்சைப் பசேல்!

"பக்கத்துல இருந்தது வேகவே இல்லியா, அம்மிணி?"

"இல்லீங்கப்பா!" கவிதா அழுதுகொண்டே சிரித்தாள்.

மனிதருக்கு மருந்தாவதற்கு இன்னும் வெகுதூரம். தெரியும். இருக்கட்டுமே! எரிக்க யாராலும் முடியும். பக்கத்து வீட்டைச் சுடாமல் எரிப்பதல்லவா சாமர்த்தியம்?

சிமிழ் மறுபடி திறந்தது. மெஷினுக்கென்று வந்த பொட்டு மகளின் நெற்றிக்குப் போனது. அடுத்த பொட்டு, கேட்காமலே, தலைப்பை மாற்றச் சொன்ன கைடின் நெற்றிக்கு.

நாங்கள் கிளம்பும்வரை அவர் அதைத் துடைக்கவில்லை!